‘க’வின் தலையில் நான் எழுதிய நான்கு

என் தங்கை பாடுவதை நிறுத்தியதற்குக் காரணம் நான். அவளுடைய கூச்சம் காரணம் அல்ல. அன்று சிரித்தவர்களும் காரணம் அல்ல. நான்தான்!

ஒரு தாளில், ஓர் எழுத்தின் மேல், இரண்டு என்று எழுத வேண்டிய இடத்தில் நான்கு என்று எழுதினேன். தெரிந்தே எழுதினேன். பிறகு, யாரும் பார்க்காத நேரத்தில், அந்த நான்கை அழித்துவிட்டு இரண்டு என்று திருத்தி வைத்தேன். முதலில் செய்ததற்குப் பொறாமை என்று பெயர் சொல்லலாம். இரண்டாவதாகச் செய்தேனே, அதற்கு என்ன பெயர்? பன்னிரண்டு வருடங்களாகத் தேடுகிறேன். கிடைக்கவில்லை...

எங்கள் சபையில் தனியாக மண்டியிட்டு ஒருவரிடம் பாவத்தைச் சொல்லும் வழக்கம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் சேர்ந்து பாவ அறிக்கையை வாசிப்போம். கூட்டத்தோடு கூட்டமாக நானும் வாசித்துவிட்டு உட்கார்ந்துகொள்வேன். என் பாவம் அந்தச் சத்தத்தில் யாருக்கும் கேட்காது. ஒருவர் முகத்தைப் பார்த்து நாலு வார்த்தை பேச வராதவள் நான். அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன். நீங்கள் யார் என்று எனக்குத் தெரியாது. அது எனக்கு வசதியாக இருக்கிறது.

என் பெயர் கிரேஸ். தங்கை பியூலா. ஒரு காலத்தில் டெல்லியில் எங்களை ‘சாம் சிஸ்டர்ஸ்’ என்பார்கள். உங்களுக்கு நினைவிருக்க வாய்ப்பில்லை. எங்கள் பாட்டு வந்தது மூன்று இசைத்தட்டுகளில் மட்டும்தான்.

அப்பாவுக்கு மத்திய அரசு அலுவலகத்தில் குமாஸ்தா வேலை. அம்மா நர்ஸ். கரோல் பாகில் மாடியில் ஒன்றரை அறை. எனக்கு ஏழு வயதாகும்போது பியூலா பிறந்தாள். அம்மாவுக்கு மாறி மாறி ஷிப்ட் வரும், குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று, ஆறு மாதத்திலேயே அவளை நாசரேத்தில் பெரியம்மா வீட்டில் விட்டுவிட்டார்கள். நான் இங்கே அப்பா அம்மாவோடு வளர்ந்தேன். அவள் அங்கே வளர்ந்தாள். பதினாறு வயதில் டெல்லியில் வந்து இறங்கியவள், ரயிலடியில் என்னைப் பார்த்து, “நீங்கதானா எக்கா?” என்று கேட்டாள். சொந்த அக்காவை!

வந்த மறுநாள் துணி துவைத்துக்கொண்டே ஒரு கீர்த்தனை பாடினாள். கீழ்வீட்டுப் பஞ்சாபி ஆன்ட்டி மூச்சு வாங்க மாடிப்படி ஏறி வந்தார். “யே கௌன் கா ரஹீ ஹை?” யார் பாடுவது என்று கேட்டார். நானும் எட்டு வருடமாக அதே குழாயடியில் பாடிக்கொண்டிருந்தவள்தான். எனக்காக ஆன்ட்டி ஒரு படிகூட ஏறியதில்லை.

அந்த நிமிடமே பொறாமைப்பட்டேன் என்று எழுதினால் கதைக்கு நன்றாக இருக்கும். ஆனால் இல்லை. பெருமையாகத்தான் இருந்தது. அவள் மேலே பாட, நான் கீழே இரண்டாம் குரல் சேர்த்தேன். ஒரே வயிற்றில் பிறந்த குரல்கள் அல்லவா, எது யாருடையது என்று சில நேரம் எங்களுக்கே தெரியாது... அந்தச் சந்தோஷத்தை நான் மறுக்க மாட்டேன்.

ஒரு கிறிஸ்துமஸ் விழாவில் எங்களைக் கேட்டுவிட்டு பாட்டியா சாப் வந்தார். சிறிய இசைத்தட்டுக் கம்பெனி ஒன்றுக்கு மெட்டுப் போடுகிறவர். அப்போது கிதார், டிரம்ஸ் என்று எல்லாம் புது மோஸ்தர். அப்பா பெயர் சாமுவேல் என்றதும், “லம்பா ஹை! சாம்! சாம் சிஸ்டர்ஸ்!” என்று நீளமான பெயரைச் சுருக்கிக் கையைத் தட்டினார்.

அப்பா வீட்டுக்கு வந்து அம்மாவிடம், “வீட்ல ஏற்கெனவே ஒரு சிஸ்டர் டூட்டி பாக்கா. இனிமே மூணு சிஸ்டர்” என்றார்.

“மூணாவது சிஸ்டருக்கு இந்தி வராதே” என்றார் அம்மா.

வராதுதான். பியூலாவுக்குத் தமிழ் எழுத்து மட்டும்தான் தெரியும். பூசா ரோடு பள்ளிக்கூடத்தில் போட்டதும் தமிழ் மீடியம். கடைத்தெரு இந்தி கொஞ்சம் காதில் ஏறியிருந்தது, அவ்வளவுதான். ஆகவே இந்திப் பாட்டை நான் தமிழில் எழுதிக் கொடுக்க வேண்டியதாயிற்று.

நம்முடைய ‘க’ ஒன்றுதான். அவர்களுக்கு நான்கு. ஒன்று சாதாரண க. இரண்டாவது மூச்சோடு வருவது. மூன்றாவது அழுத்தமானது. நான்காவது அழுத்தமும் மூச்சும் சேர்ந்தது. அப்பா அலுவலகத்தின் இந்தித் தேர்வுக்குப் படித்தபோது, சுலோகப் புத்தகங்களில் போடுவதுபோல, எழுத்தின் தலையில் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண் போட்டுப் படிப்பார். அந்த வழக்கத்தைத்தான் நானும் எடுத்துக்கொண்டேன். வரிகளைப் பேனாவில் எழுதுவேன். எண்களை மட்டும் பென்சிலில் போடுவேன்.

பியூலா அந்த எண்களைப் பார்த்துத்தான் பாடினாள். லக்னோவில் பிறந்தவள்போலப் பாடினாள்! பாட்டியா சாப் அவளுடைய உச்சரிப்பைச் சோதித்ததே இல்லை. யாராவது கேட்டால், “க்ரேஸ் ஹை ந” என்பார். கிரேஸ் இருக்கிறாளே...

முதல் தட்டு ஓரளவு போயிற்று. இரண்டாவது தட்டை வானொலியில் அடிக்கடி போட்டார்கள். ஒருமுறை தொலைக்காட்சியில் பாடினோம். அன்று தெருவில் பாதிப் பேர் கீழ்வீட்டு ஆன்ட்டியின் கூடத்தில் உட்கார்ந்து பார்த்தார்கள். கேமரா முழுவதும் பியூலாவின் முகத்தில் நின்றது. அவளுக்குப் பக்கத்தில், ஓரத்தில், ஒரு தோள் மட்டும் தெரிந்தது.

“அரே க்ரேஸ், தேரா கந்தா படா அச்சா ஆயா!” என்றார் ஆன்ட்டி. உன் தோள் ரொம்ப நன்றாக வந்திருக்கிறது என்று. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பியூலா மட்டும் சிரிக்கவில்லை. அன்று முழுவதும் என் பின்னாலேயே திரிந்தாள். “அடுத்த தடவ நீ நடுவுல நில்லு எக்கா” என்றாள்.

இப்படிப்பட்டவளுக்குத்தான் நான் அதைச் செய்தேன்!

மூன்றாவதாகப் பெரிய தட்டு போடுவதாக ஏற்பாடு. பம்பாயிலிருந்து பெரிய கம்பெனியின் ஆள் ஒருவர் ஒலிப்பதிவுக்கு நேரில் வருவதாகச் சொன்னார்கள். அதற்கு மூன்று நாள் முன்பு பாட்டியா சாப் வீட்டில் மெட்டுக்கு மட்டும் ஒத்திகை. முடிந்து வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன். உள்ளே அவர் போனில் பேசுவது கேட்டது. “ஏக் ஹீ ஆவாஸ் சாஹியே ஆப்கோ? டீக் ஹை. சோட்டீ வாலீ.” ஒரு குரல்தானே வேண்டும், சரி, சின்னவள். அந்தப் பக்கம் பெரியவளைப் பற்றிக் கேட்டிருக்க வேண்டும். பாட்டியா சாப் சிரித்தார். “படீ? வோ தோ பீச்சே கா பர்தா ஹை.”

பெரியவளா? அவள் பின்னால் தொங்குகிற திரை.

அவர் கெட்டவர் இல்லை. எனக்கும் பிஸ்கட் கொடுப்பார். ஆனால் அந்தச் சொல்... எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது. பள்ளிக்கூடப் படிப்பு மட்டும்தான். பாட்டுக்காகத் தட்டச்சு வகுப்பைப் பாதியில் விட்டிருந்தேன். வந்த வரனையெல்லாம் ‘தட்டு வரட்டும்’ என்று தள்ளிப்போட்டிருந்தேன். சாம் சிஸ்டர்ஸில் பாதியாக இருந்தால் நான் ஏதோ ஒன்று. அந்தப் பாதியும் போனால்?

பியூலாவிடம் சொல்லவில்லை. அவளிடம் சொல்லியிருந்தால், ‘எக்கா இல்லாம நான் பாட மாட்டேன்’ என்று ஒரே வார்த்தையில் முடித்திருப்பாள். அது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் ஏன் சொல்லவில்லை? அவள் விட்டுக்கொடுத்து நான் நிற்பதா என்ற வீம்பு! தோளுக்கு வந்த வீம்பு!

ஒலிப்பதிவு நாள் வந்தது. வரிகள் எப்போதும் கடைசி நேரத்தில்தான் கைக்கு வரும். பாட்டு எழுதுகிறவர் பதினோரு மணிக்கு வந்து, வெற்றிலையை மென்றுகொண்டே சொல்லச் சொல்ல, நான் நடையில் பெஞ்சில் உட்கார்ந்து தமிழில் எழுதினேன். பல்லவி இதுதான்: ‘மை பாரிஷ் மே கடீ ஹூ.’ நான் மழையில் நிற்கிறேன்.

அந்தக் ‘கடீ’யின் க-வுக்குத் தலையில் இரண்டு போட வேண்டும். மூச்சோடு சொன்னால் ‘நிற்கிறேன்.’ நான்கு போட்டு அழுத்திச் சொன்னால் அது வேறு சொல். கடிகாரம்!

பென்சில் அந்த எழுத்தின் மேல் நின்றது. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. ஒரு தடவை அவள் தடுக்கி விழட்டும், எல்லோரும் சிரிக்கட்டும், நான் போய்த் திருத்துகிறேன், இந்தக் கிரேஸ் இல்லாமல் சின்னவளால் ஒரு வரிகூடப் பாட முடியாது என்று அந்தப் பம்பாய்க்காரர் கண்ணால் பார்க்கட்டும். இவ்வளவுதான் நினைத்தேன். சத்தியமாக இவ்வளவுதான்... ஆனால் இப்படிச் சொல்லும்போதே எனக்குக் கூசுகிறது. ‘இவ்வளவுதான்’ என்பது என்ன அளவு?

நான்கு என்று எழுதினேன்.

பியூலா தாளை வாங்கி உதடு அசையப் படித்தாள். சட்டென்று நிமிர்ந்தாள்.

“எக்கா, இந்தக் கடீன்னா கடியாரம்லா?”

“ஆமா.”

“மழைக்குள்ள கடியாரம் எங்கருந்து வந்துச்சு?”

பாருங்கள், தேவன் எனக்கு ஒரு வாசலைத் திறந்துதான் வைத்தார். ‘அடடா, தப்பாகப் போட்டுவிட்டேன்’ என்றிருந்தால் போதும். நான் சொன்னது இது:

“கவிதைட்டி. காலம் நனையுதுன்னு அர்த்தம்.”

அவள் முகம் மலர்ந்தது. “நல்லாருக்கே!” என்றாள்.

அந்த நாளில் பாடுகிறவர், வாசிக்கிறவர் எல்லோரும் ஒரே அறையில் ஒரே நேரத்தில் செய்ய வேண்டும். ஒருவர் தவறினால் எல்லோரும் முதலிலிருந்து. பதினான்கு பேர் வாத்தியங்களோடு உட்கார்ந்திருந்தார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பம்பாய்க்காரர். சிவப்பு விளக்கு எரிந்தது. பியூலா கண்ணை மூடிக்கொண்டு பாடினாள்.

அதற்கு முன்னும் பின்னும் அவள் அப்படிப் பாடி நான் கேட்டதில்லை. நான் சொன்ன பொய்யை அவள் நம்பினாள் அல்லவா? காலமே மழையில் நனைந்துகொண்டு போக இடமில்லாமல் நிற்கிறது என்று நம்பிப் பாடினாள். ‘நான் மழையில் ஒரு கடிகாரம்...’ எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பக்கத்தில் நின்றுகொண்டு, என் பொய் இவ்வளவு அழகாகிவிட்டதே என்று ஒரு கணம் திகைத்துப்போனேன்.

முதலில் டிரம்ஸ்காரர் சிரித்தார். வாசிப்பு நின்றது. பாட்டு எழுதியவர், “அரே, சாபீ கிஸ்னே பரீ?” என்று கத்தினார். கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தது யார்? அறையே குலுங்கியது. பம்பாய்க்காரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். பியூலா, என்ன நடந்தது என்று தெரியாமல், என்னைப் பார்த்துத் தானும் சிரித்தாள். எல்லோரும் சிரிக்கிறார்களே என்று.

நான் திருத்தினேன். “கடீ, மூச்சோட சொல்லு. நிக்கிறேன்னு அர்த்தம்.” அவள் சிரிப்பு அப்படியே நின்றது.

நான் நினைத்தது அதோடு முடியும் என்று. முடியவில்லை. இரண்டாம் முறை தொடங்கியபோது கிதார்காரர் மெதுவாக, “டைம் க்யா ஹுவா?” என்றார். மணி என்ன? மறுபடி சிரிப்பு. மூன்றாம் முறை ‘க’ வரும்போது அவளுக்கு இருமல் வந்தது. நான்காம் முறை அந்த எழுத்துக்கு முன்னாலேயே நின்றுவிட்டாள். பாட்டியா சாப் எரிச்சலோடு, “சாய் பீ லோ” என்று எல்லோரையும் டீ குடிக்க அனுப்பினார்.

அறை காலியாயிற்று. ஸ்டாண்டில் அந்தத் தாள் இருந்தது.

என் பையில் ரப்பர் இருந்தது. நான்கை அழித்தேன். தூளை ஊதினேன். இரண்டு என்று எழுதினேன். எண் அழகாகத்தான் வந்தது.

அவள் திரும்பி வந்ததும் நேரே என்னிடம்தான் வந்தாள். “எக்கா, நீ கவிதைன்னு சொன்னியே?” கோபமில்லை. புரியாமல் கேட்டாள். ஸ்டாண்டை நோக்கிக் கண்ணைக் காட்டினேன். போய்த் தாளை எடுத்தாள். விளக்குக்குக் கீழே பிடித்துப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

“ரெண்டுன்னுதான் போட்டிருக்கு...” என்றாள். “அப்ப நான் உங்கிட்ட என்னத்தக் கேட்டேன்? எனக்கே தெரியலையே எக்கா. நாந்தான் தப்பாப் படிச்சிட்டேன். நாந்தான்...”

தன் கண்ணை நம்புவதா, என்னை நம்புவதா என்று வந்தபோது அவள் என்னை நம்பினாள்.

அதன் பிறகு அவளுக்குக் குரல் வரவில்லை. எந்த ‘க’வைக் கண்டாலும் நின்றாள். ஒன்பதாவது முறைக்குப் பிறகு பாட்டியா சாப், “படீ கோ கானே தோ” என்றார். பெரியவள் பாடட்டும். பாடினேன்! நான் ஆசைப்பட்ட நடு இடத்தில் நின்று, ஒரு பிழை இல்லாமல் பாடினேன். பியூலா ஓரத்தில் நின்று ‘ஆ... ஆ...’ என்று முனகினாள். அந்தத் தட்டில் அவளுடைய குரல் அவ்வளவுதான்.

தட்டு வந்தது. ஒருவரும் வாங்கவில்லை. என் பாட்டில் பிழை இருக்கவில்லை, வேறு எதுவும் இருக்கவும் இல்லை. பம்பாயிலிருந்து மறுபடி யாரும் வரவில்லை. பாட்டியா சாப் வேறு பெண்களைத் தேடிக்கொண்டார். சாம் சிஸ்டர்ஸ் என்று யாரும் கூப்பிடவில்லை.

பியூலா நர்ஸிங் படித்தாள். இன்று ஒரு மருத்துவமனையில் வேலை பார்க்கிறாள். வார்டில் ஜாடையாலேயே பேசுவாளாம். நோயாளிகள் ‘சுப் வாலீ சிஸ்டர்’ என்கிறார்கள். பேசாத சிஸ்டர். ஆலயத்தில் என் பக்கத்தில்தான் நிற்பாள். பாட்டுப் புத்தகத்தைத் திறந்து எனக்காகப் பிடித்துக்கொள்வாள். உதடுகள் அசையும். சத்தம் இருக்காது.

ஒரே ஒருமுறை சொல்ல முயன்றேன். அவள் கல்யாணத்துக்கு முந்திய வாரம், அப்பளமும் தேங்காயெண்ணெயும் வாங்க ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குப் போயிருந்தோம். கூட்டத்துக்கு நடுவே, “பியூலா, அன்னைக்கு அந்தத் தாளுல...” என்று ஆரம்பித்தேன்.

“அத விடு எக்கா” என்றாள். “அன்னைக்கு நீ மட்டும் பாடலைன்னா அப்பா மானம் போயிருக்கும். என்னைய நீதான் காப்பாத்துன.” பிறகு கடைக்காரர் பக்கம் திரும்பி, வேண்டியதை விரலால் காட்டினாள். பெயர் சொல்லிக் கேட்கவில்லை.

அவளுக்கு மிச்சமிருப்பது ஒரு நல்ல அக்காதான், அதையும் பறிப்பானேன் என்று பேசாமல் இருந்துவிட்டேன். அது இரக்கம் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இல்லை. அது இரக்கம் இல்லை என்று போன மாதம் தெரிந்துகொண்டேன்.

பியூலாவுக்கு ஒரு மகள். ஷீபா, ஏழு வயது. டெல்லியிலேயே பிறந்த பிள்ளை, தமிழ் பாதி, இந்தி பாதி. அவளுக்கு அம்மாவின் குரல் வந்திருக்கிறது. கிறிஸ்துமஸ் ஆராதனையில் தனியாகப் பாட ஞாயிறு பள்ளி டீச்சர் அவளைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். பியூலா போய் மகளின் பெயரை எடுக்கச் சொல்லிவிட்டாள்.

நான் அவர்கள் குவார்ட்டர்ஸுக்குப் போன மாலையில் ஷீபா ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். “பெரியம்மா, மம்மி மனா பண்ணிட்டாங்க! மிஸ் என்னைத்தான் சோலோ பாடச் சொன்னாங்க. நீங்க சொல்லுங்க ந, நீங்க சொன்னா மம்மி பக்கா கேப்பாங்க.”

கேட்பாள்தான். நான் சொன்னால் பியூலா எதையும் கேட்பாள். ஒரு வாக்கியம் போதும்: ‘அன்றைக்குத் தப்பாகப் படித்தது நீ இல்லை.’ நாக்கு நுனியில் வந்து நின்றது. பியூலா அடுப்படியிலிருந்து டீ டம்ளர்களோடு வந்தாள்.

“என்னட்டி, பெரியம்மாவப் பிடிச்சிக்கிட்டியா? ஆளுக முன்னால போயி நின்னா எப்படிச் சிரிப்பாங்கன்னு உனக்குத் தெரியாது.” என்னைப் பார்த்தாள். பன்னிரண்டு வருடத்தில் அவளாக அந்தப் பேச்சை எடுத்தது அன்றுதான். “எக்கா, நீயே சொல்லு. கூட நின்னவ நீதான. சிரிச்சாங்களா, இல்லையா?”

குழந்தை என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சிரிச்சாங்க” என்றேன்.

பொய் இல்லை. ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை!

ஷீபா என் கையை விட்டாள். உள்ளே போய்ப் பள்ளிக்கூடப் பையைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அழவில்லை. அழுதிருந்தால்கூட நான் சொல்லியிருப்பேனோ என்னவோ... இல்லை, சொல்லியிருக்க மாட்டேன். உங்களிடமாவது உண்மையைச் சொல்கிறேன்.

பியூலா என் பக்கத்தில் உட்கார்ந்து டம்ளரை நீட்டினாள்.

“நல்ல வேளை, நீ இருந்த எக்கா” என்றாள்.

வாங்கிக் குடித்தேன்.